ஏரியைச் சுற்றி ஏழு ஸ்டாப்பிங்

“அம்மாடி! இதுக்கு மேல ஒரு அடி வைக்க முடியாது. என்னை இங்கேயே விட்டுட்டு நீ போ. பிள்ளைங்ககிட்ட, அப்பா கடைசி வரைக்கும் போராடினார்னு சொல்லிடு!”

காட்டுக்குள் ஏரியைச் சுற்றிப் போகும் பாதையின் மூன்றாவது பெஞ்சில் கணவர் மூட்டை மாதிரி சரிந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு.

“வாசல்ல போர்டைப் பார்த்தீங்கல்ல? ‘எளிய பாதை, நாலு கிலோமீட்டர்.’ கைக்குழந்தையைக்கூடத் தூக்கிட்டு வர்றாங்க.”

“தூக்கிட்டுப் போனா நானும்தான் வருவேன்.”

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அவள் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். அவள் விசில் ஊதினால் பிள்ளைகள் மட்டுமல்ல, பக்கத்துத் தெரு நாய்களும் வரிசையில் நிற்கும் என்று பேச்சு. ஆறு மாதம் முன்பு முழங்காலில் ஆபரேஷன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். “மைதானம் எதுக்கு டீச்சர்? லைப்ரரியில உட்கார்ந்துக்கோங்க” என்று தலைமை ஆசிரியை ஒரு நாற்காலியைக் காட்டியிருந்தார். இந்த ஏரியை ஒரு சுற்று சுற்றி முடித்தால் விசில், முடியாவிட்டால் நாற்காலி. அப்படித் தனக்குத் தானே பந்தயம் கட்டிக்கொண்டுதான் கிளம்பியிருந்தாள்.

இந்த மனுஷனோடு வந்தால் எங்கே முடிப்பது? முழங்கால் வேறு முணுமுணுத்தது. துணைக்கு அவளும் உட்கார்ந்தாள்.

நாலாவது பெஞ்சில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாவதில் ஷூவுக்குள் கல், பாறாங்கல்லாம். ஆறாவதில், இரண்டு வாத்துகள் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டன, அவை போகும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஏரியோ முடிகிற வழியாக இல்லை. இவர்கள் நடக்க நடக்க யாரோ பின்னாலிருந்து குடம் குடமாக ஊற்றி நீட்டிக்கொண்டே போவது போலிருந்தது.

“தினமும் பேப்பர் வாங்கப் போறேன்னு ரெண்டு மணி நேரம் டீக்கடையில அரட்டை அடிச்சா இப்படித்தான். நீங்க ஓட்டின பஸ்கூட இத்தனை இடத்துல நின்னிருக்காது.”

“ஸ்டாப்பிங்ல நிறுத்தலைன்னா புகார் எழுதிடுவாங்கம்மா” என்றபடி ஏழாவது பெஞ்சில் விழுந்தார்.

ஒருவழியாக வாசல் தெரிந்தது. கடைசி நூறு அடியை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘லெஃப்ட், ரைட்’ என்று முனகியபடியே நடந்தாள். கேட்டைத் தொட்டதும் கண் கலங்கிவிட்டது.

“முடிச்சுட்டேங்க!”

“என்னையும் இழுத்துக்கிட்டு முடிச்ச பாரு, அதான் பெரிசு.”

கைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

கேட்டில் நின்ற காவலாளி, கணவர் கண்ணைக் கண்ணைக் காட்டியதைக் கவனிக்காமல் உரக்கச் சிரித்தார்.

“என்ன சார், இன்னைக்கு ஒரு சுத்துக்கே இவ்வளவு நேரமா? ஒரு மாசமா தினமும் காலையில மூணு சுத்து ஓடுவீங்களே! பெஞ்சுக்குப் பெஞ்சு எத்தனை அடின்னு எண்ணிட்டு இருந்தீங்களே, அம்மா காலுக்குச் சரியா வந்துச்சா?”

கணவர் அவசரமாக ஏரிப் பக்கம் திரும்பி, வாத்துகளைத் தேட ஆரம்பித்தார்.