ஏழாவது மடிப்பு

அவள் விரல்களுக்கிடையே சேலையின் ஏழாவது மடிப்பு வந்தது.

கண்ணாடி முன் நின்று இன்னொரு முறை எண்ணினாள். ஏழுதான்.

கல்யாணமான வருடம் ஏழு வந்ததாம். பிறகு ஆறு, ஐந்து. தொண்ணூற்றிரண்டு கிலோ ஆனபோது நான்கு. அதையும் இழுத்துப் பிடித்துத்தான் செருக வேண்டும்.

நான் தரையில் மண்டியிட்டுக் கொசுவத்தின் கீழ்ப்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். அவளால் குனிய முடியாது என்று என்றைக்கோ என் கைக்கு வந்த வேலை.

"என்னங்க, ஏழு!"

அண்ணாந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதமாகக் காலையில் நடந்தாள். சோற்றைப் பாதியாக்கினாள். பதினாறு கிலோ இறங்கியிருந்தது. அதில் ஏழு கிலோ கடைசி ஒரு மாதத்தில். அதைத்தான் எல்லோரிடமும் சொன்னாள்.

கல்யாண மண்டபத்தில் அவள் தங்கை சுகந்தி இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். "மிச்சப் பாதி அக்காவ எங்க விட்டுட்டு வந்த? அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல, ஒரு இலை காலியாக் கெடக்கு."

பந்தியே சிரித்தது.

அவள் பாயசத்தைத் தொடவில்லை. என்ன கட்டுப்பாடு என்று மெச்சினார்கள். மூன்று வாரமாக அவளுக்கு எதுவும் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னொன்றும் தெரியும்.

வீட்டில் துணி ஊறவைப்பதும் நான்தான். மாதவிலக்கு நின்று இரண்டு வருடமான ஒருத்தியின் உள்பாவாடையில் கறை இருக்கக் கூடாது. இருந்தது. ஒரு முறை அல்ல. வாளிக்கு முன் குந்தி, அந்த இடத்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் இருந்திருக்கிறேன்.

பிறகு சோப்பு போட்டிருக்கிறேன்.

கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக ஒரே பதில். முட்டிவலி என்று போனாலும், காதுவலி என்று போனாலும், முதல்ல வெயிட்டைக் குறைங்க. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவாள்.

இப்போதுதான் நிமிர்ந்திருந்தாள்.

மறுவாரம் குளியலறையில் மயங்கி விழுந்தாள்.

கர்ப்பப்பையில் தொடங்கி நுரையீரல் வரை போயிருந்தது.

டாக்டர் ஹெப்சிபா சின்னப் பெண். எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் காகிதத்தில் இரண்டு வட்டம் வரைந்தார்.

"ரத்தத்துல இயற்கைக் கொலையாளி செல்னு ஒண்ணு இருக்கும்மா. புற்றுசெல்லப் பாத்தா யார்கிட்டயும் உத்தரவு கேக்காது. அதுவே போய்க் கொன்னுரும். உடம்புல கொழுப்பு ரொம்பக் கூடினா அதுவும் கொழுப்பைக் குடிச்சு மந்தமாயிரும்."

"எங்க தெரு ஏட்டையா மாதிரியா?" என்றாள் அவள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"அப்பவும் எதிரி யாருன்னு கண்டுபிடிச்சிரும்மா. கிட்டப் போய் ஒட்டிக்கவும் செய்யும். அடிக்கத்தான் முடியாது. இது ஒண்ணு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். இதுவும் ஒண்ணு."

பேனா, இரண்டு வட்டங்களும் தொடும் இடத்தில் நின்றது.

"இப்பதான் எடை குறைஞ்சுருச்சே டாக்டர். அதுக்குத் தெம்பு வந்திருக்கணுமே?"

"முதல்ல குறைஞ்சது நீங்க குறைச்சதும்மா. கடைசி ஏழு கிலோ..."

முடிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

"நின்ன பிறகு ரத்தம் பட்டிருக்குமே. வீட்ல யாருமே கவனிக்கலையா?"

யாருமே என்றபோது என்னைப் பார்த்தார்.

அவளும் என்னைப் பார்த்தாள். துணியை ஊறவைப்பது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"நான்தான் மறைச்சுட்டேன் டாக்டர்," என்றாள். "இவருக்கு ஒண்ணும் தெரியாது."

நான் வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் போய்விட்டாள். அதுவரை அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசி நாட்களில் துணியை ஆஸ்பத்திரியிலேயே துவைத்தார்கள்.

போன வாரம் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் பின்சக்கரத்தின் ஸ்பிரிங்கைத் தட்டிக் காட்டினார்.

"ரெண்டு பேர் வெயிட்டுக்குக் கடைசி வரைக்கும் டைட்டு வச்சிருக்கு சார். ஒத்த ஆளுக்குத் தூக்கித் தூக்கிப் போடும். லூசு பண்ணிரவா?"

வேண்டாம் என்றேன்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடுகிறது.