முகாமில் கொடுத்த ரத்தம்

டாக்டர் எப்போது கூப்பிடுவாரோ என்று மங்களம் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் ஏகாம்பரம் செல்போனில் காமெடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓயாமல் சிகரெட் ஊதுகிற ஆசாமிக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வருகிறதென்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒண்ணும் வராது. சும்மா குந்து" என்றான்.

நுரையீரல் புற்றுநோயை ரத்தத்திலேயே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி என்று, போன மாதம் ஆவடி குவார்ட்டர்ஸில் முகாம் போட்டுப் புகை பிடிப்பவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். போகவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தவனை, தங்களுடனே இருக்கும் தன் தம்பி உத்தமனைக் காவலுக்குப் போட்டு மங்களம்தான் அனுப்பி வைத்தாள். உத்தமன் தானும் சுகர் பார்க்க ரத்தம் கொடுத்ததாகச் சொல்லி, கையில் ஒட்டிய பஞ்சோடு ரெண்டு தட்டு சோறு இறக்கினான்.

இன்றும் உத்தமன் ஓட்டும் ஷேர் ஆட்டோவில்தான் முகப்பேர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் அவன் வெளியே சுற்றிக்கொண்டிருந்தான்.

உள்ளே டாக்டர் நிவேதிதா நிதானமாகப் பேசினார். நுரையீரலில் கட்டி தொடங்கும்போதே அதை எதிர்த்து உடம்பு சில ஆன்டிபாடிகளை உண்டாக்குமாம். இந்த ரத்தத்தில் அவை அதிகமாகத் தெரிகின்றன, இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆனால் உடனே ஸ்கேன் எடுத்தாக வேண்டும் என்றார்.

ஏகாம்பரம் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான். வேறு யாருடைய ரத்தத்தோடாவது மாறியிருக்குமா என்று கேட்டான்.

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டோம் சார். அன்னிக்கு உங்க பேர்ல எடுத்த ரத்தம்தான்."

மங்களத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இப்ப பயந்து இன்னா பிரயோஜனம்? நீ வுடற பொகை ஆவாம இருமிகினே கெடப்பானே என் தம்பி, அவனுக்காவாச்சும் வுட்டியாய்யா?"

ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் அவளைத் தேற்றினார். ஸ்கேன் அறைக்குப் போகச் சொல்லி ஏகாம்பரத்துக்குக் கதவைக் காட்டினார். அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணீரோடு கையைப் பிடித்து இழுத்த மனைவியை நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

"மங்களம், அன்னிக்கு ரத்தம் குடுத்தது உன் தம்பி."