பெஞ்சுத் தாளம்

"எம் பொண்ணு பேரை லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுங்க டீச்சர்!"

ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்று ரஹீமுன்னிசா படபடத்தாள்.

வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் தாங்களே எழுதிய பாட்டைப் பெற்றோர் முன்னால் மேடையேறிச் சொல்ல வேண்டும். அவள் மகள் தஸ்னீமுக்கோ திக்குவாய். 'அம்மா' என்று கூப்பிடவே நாலு தடவை முட்டி மோதுகிற பிள்ளை.

தமிழ் டீச்சர் ஞானசெல்வி அசரவில்லை.

"எதுகை, மோனை எல்லாம் உங்க பொண்ணுக்கு அத்துப்படிங்க. வகுப்பிலேயே அவ எழுதினதுதான் முதல் தரம். அதை அவதானே சொல்லணும்?"

"எழுதுவா டீச்சர், எப்படிச் சொல்லுவா? கடைசி பெஞ்சு எழில்மொழி இன்னா பண்றா தெரியுமா? இவ வாயைத் தொறந்தாலே பெஞ்சைத் தட்டிக் கிண்டல் பண்றாளாம்."

"தஸ்னீமா அப்படிச் சொன்னா?"

"பின்ன? நேத்து வூட்டுக்கு வந்ததும் வராததுமா, 'எ... எழில்மொழி பெ... பெஞ்சை...'ன்னு இழுத்தா. 'தட்டிக் கிண்டல் பண்றாளா?'ன்னு கேட்டேன். புள்ள முழிச்சுகினு நின்னுச்சு. எனக்குத் தெரியாதா?"

மகள் திணறினால், மிச்சத்தைத் தானே சொல்லி முடிப்பது ரஹீமுன்னிசாவின் வழக்கம். மளிகைக் கடையிலும் சரி, டாக்டரிடமும் சரி, பிள்ளைக்கு வாய் அவள்தான். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

"அவகிட்டயே இன்னொரு தடவை கேளுங்க. பொறுமையா" என்றாள் டீச்சர்.

"அவ எங்க சொல்லப்போறா!"

மணி அடித்தது. பேர் லிஸ்ட்டிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை. காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள் ரஹீமுன்னிசா.

தஸ்னீம் மேடையேறினாள்.

"க... க... க..."

யாரோ கிசுகிசுத்தார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மகளின் நோட்டில் பார்த்திருந்த முதல் வார்த்தை ரஹீமுன்னிசாவின் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து, டப்... டப்-டப்... டப்...

எழில்மொழிதான்! அப்பா கானா பாட, கூடவே தாளம் போட்டு வளர்ந்த கை, பெஞ்சில் விளையாடியது.

ரஹீமுன்னிசா எகிறி எழுந்தாள். "ஏய், நிறுத்துடி! எம் புள்ளன்னா உனக்குக் கேலியா கீதா?"

தாளம் நின்றது.

மேடையில் தஸ்னீம் வேகமாகத் தலையை ஆட்டினாள். அம்மாவைப் பார்த்து 'உட்காரு' என்று கை காட்டினாள். அதே கையால் எழில்மொழியைப் பார்த்து, 'போடு' என்றாள்.

டப்... டப்-டப்... டப்...

"கப்பல் வந்தா சங்கு ஊதும்,
கடலின் அலை கரையில் மோதும்,
உப்புக் காத்து நமக்குப் போதும்,
ஊரே நம்ம பேரை ஓதும்!"

ஒரு எழுத்தில்கூடத் திக்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது பிள்ளைகள் மொத்தப் பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். மூன்றாம் தடவை பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"எம் பொண்ணுங்க! எம் பொண்ணு!" பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள் ரஹீமுன்னிசா. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

தஸ்னீம் இறங்கி ஓடி வந்தாள். எழில்மொழியையும் கையோடு இழுத்து வந்திருந்தாள்.

"அ... அம்மா... அ... அன்னைக்கு... எ... எழில்மொழி பெ..."

ரஹீமுன்னிசாவின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். காத்திருந்தாள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று காத்திருந்தாள்.

"...பெஞ்சைத் தட்டிக் கு... குடுத்தா, எனக்குத் தி... திக்கவே இல்லம்மா. அ... அதைத்தான் சொல்ல வந்தேன். நீ... நீதான் முடிக்க விடல."