ஏழாம் எண்

“பேரைச் சொல்லாதே! எண்ணைச் சொல்லு!” பேராசிரியர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

ஆய்வு மாணவி திறந்த வாயை மூடிக்கொண்டாள். நகரசபைத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் நான்கே நாள். களத்தில் ஒன்பது பேர். ஆனால் பேராசிரியரின் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, வாக்குச்சீட்டில் உள்ள வரிசை எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் விருப்பு வெறுப்பு வந்து ஆய்வு கெட்டுவிடும் என்பது இருபது வருடமாக அவர் கட்டிக் காக்கும் கொள்கை. தேர்தல் அறிவித்துவிட்டால் செய்தித்தாளைத் தொடமாட்டார். தானும் ஓட்டுப் போடமாட்டார். காரின் பின்சீட்டுக் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் துணி கட்டிவிடுவார். சுவரொட்டி தென்பட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஒருமுறை அப்படி மூடிக்கொண்டே நடந்து, கல்லூரி வாசல் தூணில் முட்டி, நெற்றியில் மூன்று தையல். அந்தத் தழும்பையும் வாங்கிய பட்டங்களோடு சேர்த்துத்தான் பேசுவார்.

“ஏழாம் எண் முன்னாடி நிக்குது சார். நாப்பத்திரெண்டு சதவீதம்.”

“போன மாசம்?”

“நாலு.”

“நாலு எப்படிம்மா நாப்பத்திரெண்டு ஆகும்? அது என்ன அடுப்புல வெச்ச பாலா, பொங்கி வழியறதுக்கு?”

“ரெண்டாயிரம் வீடு ஏறி இறங்கிட்டோம் சார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் போயிட்டு வந்தோம். ஜனங்க அப்படித்தான் சொல்றாங்க.”

“ஜனங்க!” சோற்றில் கடிபட்ட கல்லைத் துப்புவதுபோல் அந்தச் சொல்லைத் துப்பினார். “ஜனங்களுக்கு என்ன தெரியும்? என்ன காரணம் சொல்றாங்க?”

மாணவி தாளைப் பார்த்துப் படித்தாள். “‘எங்க வீட்டுக்கு மூணு தடவை வந்துட்டாங்க.’ ‘எந்தத் தெருவுல தண்ணி வரலைன்னு மனப்பாடமா சொல்றாங்க.’ ‘நாம பேசினா குறுக்கே பேசாம கேக்கறாங்க.’”

“இதெல்லாம் ஒரு காரணமா? கொள்கை எங்கே? பிரசாரத்துக்கு எத்தனை வண்டி, எத்தனை மேடை?”

“ஒண்ணும் இல்ல சார். சாயங்காலம் ஆனா நடந்தே போறாங்க. சார், அந்தம்மா வந்து...”

“அந்தம்மாவா? ஏழு பொம்பளையா?” பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “இதை முதல்லயே சொல்லக் கூடாதா? கதை முடிஞ்சுது! வீட்டு ஆம்பளை கை காட்டற இடத்துலதான் பொம்பளை ஓட்டுப் போடுவா. என் நானூறு பக்கப் புத்தகமே அதுதானே?”

“இப்ப அப்படி இல்லையே சார்.”

“என் வீட்டையே எடுத்துக்கயேன். என் சம்சாரம் முப்பது வருஷமா நான் சொன்ன எண்ணுக்குத்தான் போடறா. இந்தத் தடவை யாருக்குப் போடட்டும்னு இன்னும் கேக்கக்கூட இல்ல. தேர்தல் நடக்கறதே தெரியுமோ என்னமோ!”

மாணவி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “சார், ஒரே ஒரு தடவை வேட்பாளர் பட்டியலைப் பாத்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“இருபது வருஷ விரதத்தை உனக்காக முறிக்கணுமா? அஞ்சு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. ஏழுக்கு மூணு சதவீதம்னு போடு. மிச்சத்தை ரெண்டாம் எண்ணுக்குத் தள்ளு.”

“அது பொய்யாச்சே சார்?”

“திருத்தம்! அதைப் பொய்னு சொல்றவ, ஆய்வேட்டுல கையெழுத்து வேணும்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நாலு வருஷ உழைப்பு, ஞாபகம் வெச்சுக்க.”

விருப்பு வெறுப்பு கூடாது என்ற கொள்கை அந்த நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று என்று போட்டாள்.

ஐந்து மணிக்குப் பேராசிரியர் மார்பை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார். “ஏழாம் எண்ணுக்கு டெபாசிட் காலி. இது தப்பினா நான் துறைத் தலைவர் பதவியை விட்டுடறேன். அந்தம்மாவுக்கு அவங்க வீட்டு ஓட்டே முழுசா விழாது!”

நிருபர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் பூரித்துப்போனார்.

எண்ணிக்கை நாளன்று மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழாம் எண்ணுக்கு அறுபத்தொரு சதவீதம். கல்லூரி முதல்வர் தொலைபேசியில் அழைத்து, “ஊரே சிரிக்குதுய்யா! பதவியை விடறேன்னு வேற சொல்லித் தொலைச்சிருக்கீங்க. ராஜினாமாக் கடிதம் எப்ப வரும்?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

பேராசிரியர் வியர்வையைத் துடைத்தார். அப்போதும் தப்பு ஜனங்களுடையதுதான். ஆனால் பதவியைக் காப்பாற்ற ஒரு வழி தோன்றியது.

“அந்தம்மாவுக்குப் போன் போடு. அவங்க ஜெயிச்ச ரகசியத்தைக் கேட்டு, அதையே அடுத்த புத்தகமா போட்டுட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.”

“பேர் சொல்லட்டுமா சார்?”

“மூச்! பேட்டி முடியற வரைக்கும் சொல்லக் கூடாது. முறைன்னா முறைதான்.”

மாணவி பெருமூச்சு விட்டாள். தன் கைபேசியில் எண்ணை அழுத்தி அவரிடம் நீட்டினாள். மறுமுனையில் ஒரே கைதட்டலும் கூச்சலுமாக இருந்தது.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வணக்கம்மா. நான் அரசியல் அறிவியல் துறைத் தலைவர் பேசறேன். முதல் கேள்வி. பின்னால இருந்து உங்களை நடத்தினது யாரு? உங்க வீட்டுக்காரர்தானே?”

“அவருக்கு நான் தேர்தல்ல நின்னதே தெரியாதுங்க” என்றது மறுமுனை. “சாப்பாட்டை மேஜைமேல மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிட்டுடுங்க. ஓட்டுப் போட்டவங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிட்டு நான் வீட்டுக்கு வர நேரமாகும்.”