வேண்டாத மூன்று கட்டுரைகள்

"கையெழுத்து வேணுமா, வேணாமா?"

ஆய்வு வழிகாட்டியான ஹேமலதா மேடம் கேட்டதும் வெற்றிச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்குள் ஆய்வேட்டைக் காலேஜ் ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். தவறினால் எம்.எஸ்சி. சைக்காலஜி முடிக்க இன்னும் ஒரு வருடம். இப்போதே மணி மூன்றரை.

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் மூட்டை தூக்கும் அறுபது பேர், பெரம்பலூரில் பெரிய படிப்புப் படித்த அறுபது பேர். இரண்டு தரப்பையும் ஒப்பிட்டு எழுதியிருந்தாள்.

"படிக்காதவங்ககிட்டதான் இந்தக் கோளாறு. படிச்சவங்ககிட்ட கிடையாது. மொத நாளே சொன்னேன்ல?"

"சொன்னீங்க மேடம். ஆனா, இந்த மூணு கட்டுரையும் படிச்சவங்களுக்கும் அதே அளவு இருக்குன்னு சொல்லுதுங்க."

"எங்கேருந்து புடிச்ச?"

"நம்ம லைப்ரரி டேட்டாபேஸ்லதாங்க மேடம்."

"உனக்குத் தேடத் தெரியல."

"மூட்டை தூக்குறவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தருங்க மேடம்."

"அதான் மனசு வரல. ஆராய்ச்சில சொந்தபந்தம் பார்க்கக் கூடாதும்மா. சரி, அந்த மூணுலயும் பொதுவா என்ன வார்த்தை வருது?"

"புரொபசர்னு வருதுங்க. அவங்களை வச்சுப் பண்ணின ஆய்வு."

"தேடுற இடத்துல அந்த வார்த்தைக்கு முன்னால இங்கிலீஷ்ல 'நாட்'னு அடி. அது இருக்கிற கட்டுரை ஒண்ணுகூட வராது."

அடித்தாள். மூன்றும் போன இடம் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு சின்ன வார்த்தை போதுமாக இருந்தது. மிச்சமிருந்த இருபத்திரண்டும் மேடம் கட்சி.

"பார்த்தியா? தேடுற விதமா தேடினா எல்லாம் கரெக்டா வருது. அந்த மூணையும் எடுத்துட்டு பிரிண்ட் போடு."

மூன்று ஐம்பதுக்கு முதல் பக்கத்தை மேஜையில் வைத்தாள். அப்பா முகம் கண்ணுக்குள் வந்தது. தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

பக்கத்திலேயே மேடமும் போட்டார், முன்னால் 'முனைவர்' என்று சேர்த்து.

இரண்டு கையெழுத்துக்கும் மேலே, கொட்டை எழுத்தில் ஆய்வின் தலைப்பு இருந்தது:

'தான் நம்புவதற்குச் சாதகமானதை மட்டுமே தேடிப் பிடிக்கும் மனக்கோளாறு: படித்தவர்களிடம் இது உண்டா?'