ஆயிரமாவது வார்த்தை

"இன்னைக்கும் கிடைக்கலையா, ஆனந்த்?"

மாளவிகா நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். ஆனந்தகுமார் வார்த்தைப் பட்டியலை மறுபடி புரட்டினான். இந்த வேலையும் போனால் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது.

ஸ்வீடன் கம்பெனி ஒன்றின் செயலிக்கு ஆயிரம் வார்த்தைகளைத் தமிழாக்க வேண்டும். அதற்காகவே அடையாறில் வாடகைக்கு எடுத்த அறை. அதில் இவனும் மேலதிகாரி மாளவிகாவும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது.

மூன்று வாரமாக நிற்பது 'அவ்ஸ்லூட்டா' மட்டும்தான். அவர்களுக்கு வேலையை முடித்தாலும், கூட்டத்தை முடித்தாலும், காதலை முறித்தாலும் அதே வார்த்தை.

"முடின்னு போடலாமா மேடம்?"

"மிரட்டுற மாதிரி இருக்கு."

"வெளியேறு?"

"ஹவுஸ் ஓனர் சொல்ற மாதிரி இருக்கு."

"போய் வருகிறேன்?"

"யாரு, மொபைல் ஆப்பா?"

மதியம் பக்கத்து மெஸ்ஸில் சோறு இறங்கவில்லை. கடைக்காரி பங்கஜத்திடம், "அக்கா, சாம்பார் தீந்துபோச்சா?" என்றான்.

"சோறு போடுற இடத்துல அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க தம்பி. நிறைஞ்சிருச்சுன்னு சொல்லணும்."

அவன் கை இலையில் அப்படியே நின்றது. "கடை சாத்தும்போது?"

"இன்னைக்கு யாவாரம் நிறைஞ்சுதும்போம்."

"புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா?"

பங்கஜம் கல்லாவில் தூங்கிக்கொண்டிருந்த கணவர் இசக்கிமுத்துவைப் பார்த்தாள். "அதுவும் ஒரு நிறைவுதான்."

மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்து ஓடினான். ஈரக் கையோடு ஒரு காகிதத்தில் 'நிறைவு செய்' என்று எழுதி மாளவிகாவிடம் நீட்டினான்.

அவள் இரண்டு முறை படித்தாள். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினாள்.

"ஸ்வீடனுக்கு அனுப்பிட்டீங்களா?"

"இல்லை மேடம். நீங்க ஓகே சொன்னதும் அனுப்பிடறேன். பட்டியல் அதோட முடிஞ்சுது."

மாளவிகா காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையின் அடியில் வைத்தாள்.

"அனுப்பாதீங்க ஆனந்த். நம்ம வேலையும் நிறைஞ்சிடும்."