ஐம்பத்து மூன்றாம் பக்கம்

"சார், இந்தப் புத்தகத்துக்குள்ள ஒரு பொண்ணு இருக்கா."

வத்தலக்குண்டு நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்மதிக்குப் பதினேழு வயசு. கையில் ஒரு நாவலை விரித்துப் பிடித்திருந்தாள்.

மாய நூலகம் பற்றிய நாவல் அது. அங்கே சில புத்தகங்கள், திறந்தவர்களை உள்ளே இழுத்து மூடிக்கொள்ளும்.

நூலகர் ஆரோக்கியதாஸ் நிமிரவில்லை. "கதைன்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"கதையில இல்ல சார். நூலக முத்திரை குத்தியிருக்குல்ல, அம்பத்திமூணாம் பக்கம்? அதுக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதியிருக்கு. 'நான் உள்ளே இருக்கிறேன். வெளியே பூட்டு'ன்னு."

சட்டென்று நிமிர்ந்தார். ஆனால் பார்த்தது அவளை அல்ல, அவளுக்குப் பின்னால்.

அங்கே பழனிக்குமார் நின்றிருந்தார். வாரம் தவறாமல் மனைவிக்குப் புத்தகம் எடுத்துப் போகிறவர். அந்தம்மாவுக்கு வெளியே வந்தால் தலை சுற்றுமாம். 'பொண்டாட்டிக்கு இம்புட்டுச் செய்யிற ஆள் உண்டா' என்று தெருவே சொல்லும்.

"எந்தப் பக்கம் பாப்பா?" சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "இது எங்க வீட்டுக்கு வந்த புத்தகமாச்சே. குடு, பாப்போம்."

அதற்குள் ஆரோக்கியதாஸ் அதைப் பிடுங்கிவிட்டார். ரப்பரை எடுத்துப் பரபரவென்று அழித்தார்.

"கழுதை! நீயே கிறுக்கிட்டு எங்கிட்ட கதை விடுறியா? லைப்ரரி அட்டையை வச்சிட்டுப் போ!"

"சத்தியமா நான் எழுதல சார்."

"வாயை மூடு!"

"விடுங்க சார், சின்னப்பிள்ள. பயந்துருச்சு" என்றார் பழனிக்குமார். "நமக்கு ஒரு சமையல் புத்தகம் குடுங்க."

நூலகர் மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பழனிக்குமார் முதல் பக்கம் பார்த்தார். கடைசிப் பக்கம் பார்த்தார். நடுவில் விரல் விட்டு நிறுத்தினார். பிறகு மூடினார்.

"வாரேன் சார்."

பைக் சத்தம் மறையும்வரை ஆரோக்கியதாஸ் அசையவில்லை.

தமிழ்மதி அழுதாள். "யாரோ ஒருத்தி கெஞ்சுறா. அதைப் போயி அழிச்சிட்டீங்களே சார்."

"திட்டினதை மனசுல வச்சுக்காதம்மா." அவர் முகமெல்லாம் வியர்வை. "அது அவரோட சம்சாரம் கையெழுத்து. அவங்க வீட்டுக்குப் போயிட்டு வர்ற புத்தகத்துல மட்டுந்தான் இருக்கும். முதல் ரெண்டு தடவை, யாரோ பண்ற குறும்புன்னு நெனச்சு நானும் அழிச்சுத்தான் போட்டேன். அதை நெனச்சா இன்னும் சோறு எறங்கல. நேத்து நான் லீவு. தெரியாம இதை உனக்குக் குடுத்துட்டாங்க."

"போலீஸ்ல சொல்லலாம்ல சார்?"

"சொல்லியாச்சு. அந்தாளு பக்கத்துல நின்னா அந்தப் பிள்ள வாயே திறக்காது. நாளைக்கு அவர் வேலைக்குப் போனப்புறம், பதினோரு மணிக்குப் பெண் போலீஸ் போறாங்க. அந்தப் பிள்ள தயாரா இருக்கணும்."

"போலீஸ் வர்றது அந்த அக்காவுக்கு எப்படி சார் தெரியும்?"

ஆரோக்கியதாஸ் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதி அனுப்பியிருக்கேன். அவரேதான் கொண்டு போறாரு."